மையர் என்பவர் யார்? ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரின் கதை

ஜெர்மனியில் ஒருவர் தொலைபேசியில் "என் பெயர் மையர்" என்று சொன்னால் பேச்சு அதோடு முடியாது. எதிர்முனையில் இருப்பவர் உடனே எழுத்தைக் கேட்பார். நடுவில் ஈ-ஐ வருமா, ஈ-ஒய் வருமா, ஏ-ஐயா, ஏ-ஒய்யா? கடைசிக்கு முந்தைய ஈ-யை விட்டுவிட்டு எம்-ஏ-ஒய்-ஆர் என்று எழுதும் குடும்பங்களும் உண்டு. (எழுத்துகளுக்கு நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.) காதுக்கு எல்லாம் மையர்தான். காகிதத்தில் மட்டும் ஐந்து விதம்.

ஜெர்மனியில் அதிகம் புழங்கும் மற்ற குடும்பப் பெயர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் என்றால் தையல்காரர், ஃபிஷர் என்றால் மீன் பிடிப்பவர். இன்றைய பேச்சு ஜெர்மனிலும் அந்தச் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. மையர் அப்படியல்ல. அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. வேலை போன பிறகும் பெயர் மட்டும் லட்சக்கணக்கான வீடுகளில் தங்கிவிட்டது. குடும்பப் பெயர் என்றதும் நாம் ரத்த உறவையும் வம்சத்தையும் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதற்கு மையரைவிட நல்ல உதாரணம் ஜெர்மன் மொழியில் இல்லை என்பேன்.

லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர், மூத்தவர். மேலே நின்று வேலை வாங்குகிறவரைக் குறிக்கவும் அதே சொல். அதிலிருந்துதான் மையர் வந்தது. பிரெஞ்சில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'மேர்', ஆங்கிலத்தின் 'மேயர்', ராணுவத்தின் 'மேஜர்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. சென்னை மாநகராட்சியில் 1688-இல் முதன்முதலாக வந்த மேயர் பதவியும் ஜெர்மனியில் ஒரு விவசாயியின் வீட்டு வாசலில் தொங்கும் மையர் என்ற பெயர்ப் பலகையும் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று சொல்லலாம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் அரசர்களையே ஆட்டிவைக்கும் பலம் இருந்தது. இன்றைய பிரான்சையும் மேற்கு ஜெர்மனியையும் ஆண்ட பிராங்கு இன மன்னர்களின் அரண்மனையை நிர்வகித்தவருக்கு 'ஹவுஸ்மையர்' என்று பெயர். வீட்டுப் பெரியவர் என்று பொருள். மன்னர்கள் பலவீனமாகப் போகப் போக, உண்மையான ஆட்சி இந்த நிர்வாகிகளின் கைக்கு வந்தது. 751-இல் பிப்பின் என்ற ஹவுஸ்மையர், மெரோவிங்கிய வம்சத்தின் கடைசி மன்னரின் தலைமுடியை வெட்டி மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே முடி சூடிக்கொண்டார். அவருடைய மகன்தான் சார்லமேன்.

அந்த சார்லமேன் காலத்தில், 800-ஆம் ஆண்டை ஒட்டி, அரசப் பண்ணைகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஓர் ஆணை எழுதப்பட்டது. அதில் கிராமத்து மையர்களைப் பற்றி இரண்டு விதிகள் வருகின்றன. ஒரே நாளில் சுற்றிவந்து மேற்பார்வை பார்க்க முடிகிற அளவு நிலத்துக்கு மேல் எந்த மையரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பது ஒன்று. செல்வாக்கு மிக்கவர்களை மையர் ஆக்கவே கூடாது, நடுத்தர நிலையில் இருக்கும் விசுவாசமானவர்களைத்தான் ஆக்க வேண்டும் என்பது இன்னொன்று. நிர்வாகி எப்படி எஜமானராக மாறுவார் என்பது அந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். அப்படித்தானே அவர்களே அரியணை ஏறினார்கள். இரண்டாவது விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 751 ஞாபகம் வருகிறது.

சரி, கிராமத்து மையர் செய்த வேலை என்ன? ஒரு மடமோ, ஆயரோ, பிரபுவோ பல ஊர்களில் நிலம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலைமைப் பண்ணை இருக்கும். சுற்றியுள்ள குடியானவர்கள் அந்தப் பண்ணையில் வாரத்தில் சில நாள் உழைக்க வேண்டும். தானியம், கோழி, முட்டை, பன்றி, துணி என்று ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டும். தலைமைப் பண்ணையில் குடியிருந்து அதை நடத்துகிறவர் மையர். யார் கொடுத்தார், யார் பாக்கி என்று கணக்குப் பார்ப்பது அவர் வேலை. அறுப்புக்கு ஆள் கூப்பிடுவது, சின்னச் சச்சரவுகளைத் தீர்ப்பது, சேர்ந்ததை வண்டியேற்றி மடத்துக்கு அனுப்புவது எல்லாமும் அவர்தான். அவரும் பெரும்பாலும் சுதந்திரமில்லாத குடியானவர் கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவரே. ஆனால் ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கும் அதிகாரம் அவர் முகம்தான்.

இது அவரை எப்படி மாற்றியது என்பதை இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சங்க்ட் காலன் மடத்துத் துறவி எக்கெஹார்ட், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அந்தந்த ஊர் மையர்கள் பளபளக்கும் கேடயமும் ஆயுதமும் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்துவிட்டார்கள். கொம்பு ஊதும்போதுகூட மற்ற ஊர்க்காரர்கள் ஊதும் ஓசையில் ஊதாமல் வேறு மாதிரி ஊதப் பழகிக்கொண்டார்கள் என்று குறைப்படுகிறார். முதலில் முயல் வேட்டைக்கு நாய் வளர்த்தவர்கள், பிறகு கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் நாய் வளர்த்தார்களாம். வேட்டை பிரபுக்களின் உரிமை. மடத்துக் கணக்குப்பிள்ளை பிரபுவாகப் பார்க்கிறான் என்பதுதான் அந்தத் துறவியின் கோபம். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கொம்பொலி காதில் விழுகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

மையர்கள் சும்மா இருக்கவில்லை. பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர வேண்டும் என்றார்கள். வசூலில் ஒரு பங்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பழைய பண்ணை முறையே பல இடங்களில் கலைந்தது. நிர்வாகியை வைத்து ஏமாறுவதைவிடப் பண்ணையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது மேல் என்று நிலக்கிழார்கள் முடிவெடுத்தார்கள். அப்புறம் மையர் என்ற சொல்லுக்குப் பொருளே மாறியது. ஊரில் பெரிய பண்ணையை வைத்திருக்கும் குத்தகை விவசாயி என்று ஆனது.

ஜெர்மனியின் வடமேற்கில், இன்றைய லோயர் சாக்சனி பகுதியில், இந்தக் குத்தகைக்கே 'மையர் உரிமை' என்று சட்டப் பெயர் வந்தது. அங்கே முழுமையர், அரைமையர் என்று நிலத்தின் அளவை வைத்து விவசாயிகளைப் பிரித்தார்கள். குத்தகை கட்டாதவரை வெளியேற்றுவதற்குப் பெயர் 'அப்மையருங்'. மையர் நிலையிலிருந்து இறக்கிவிடுவது என்று அர்த்தம். நாளடைவில் நாட்டை ஆண்ட கோமகன்கள், வரி வரவு குறையக் கூடாது என்பதற்காக, இந்தக் குத்தகையைப் பரம்பரையாக வைத்துக்கொள்ள விட்டார்கள். ஹனோவரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று தெருவுக்குத் தெரு மையர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எல்லாரும் ஏதோ ஒரு பெரிய நிர்வாகியின் வாரிசுகள் என்று எண்ண வேண்டியதில்லை. நிலம் வைத்திருந்த சாதாரண விவசாயிகளின் வாரிசுகள்தான் மிகப் பலர். கிழக்கு ஜெர்மனிப் பக்கம் போனால் மையர் குறைந்துவிடும்; அங்கே கிராமத் தலைவருக்கு வேறு பெயர் என்பதால் ஷூல்ட்ஸ, ஷூல்ட்ஸ் என்ற குடும்பப் பெயர்கள் நிறைய.

பதவி எப்போது பெயரானது? 12-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான ஜெர்மானியர்களுக்கு ஒரே பெயர்தான். பிறகு நகரங்கள் பெருகின, வரிப் பட்டியல்களும் சொத்துப் பத்திரங்களும் வந்தன, ஆனால் சூட்டப்பட்ட பெயர்களோ குறைந்துகொண்டே போயின. எங்கு பார்த்தாலும் ஹைன்ரிஷ், கொன்ராட், யோஹானஸ். 'ஹின்ட்ஸ் உண்ட் கூன்ட்ஸ்' என்று ஒரு ஜெர்மன் வழக்கு இன்றும் உண்டு. ஹைன்ரிஷும் கொன்ராடும் என்று சொல்லி, யார் எவர் என்றில்லாமல் எல்லாரையும் குறிப்பது. ஒரே தெருவில் நான்கு ஹைன்ரிஷ் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்? கொல்லன் ஹைன்ரிஷ், மையர் ஹைன்ரிஷ் என்று எழுதுவார். அந்த அடைமொழி பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டபோது குடும்பப் பெயர் பிறந்தது. தெற்கிலும் ரைன் நதிக்கரை நகரங்களிலும் முதலில் வேரூன்றி, மெல்ல வடக்கே பரவியது.

வடகோடியில் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து மட்டும் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. அங்கே அப்பா பெயரைப் பிள்ளை தன் பெயரோடு சேர்த்துக்கொள்வதுதான் முறை. ஹார்ம் என்பவரின் மகன் யான் ஹார்ம்ஸ். யானின் மகன் ஹார்ம் யான்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது உடனே புரியும். 1811-இல் நெப்போலியன் ஆட்சி நிலையான குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் மக்கள் பழைய வழக்கத்தைச் சட்டென்று விடவில்லை. 2025 மே முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் பெயர்ச் சட்டத் திருத்தம், ஃப்ரீஸிய மக்கள் விரும்பினால் அந்த மரபுப்படி பிள்ளைகளுக்குப் பெயரிட மறுபடியும் வழி விட்டிருக்கிறது.

மையர்கள் பெருகியதும் மையர்களுக்குள்ளேயே அடையாளம் தேவைப்பட்டது. மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர், பள்ளத்துப் பண்ணைக்காரர் நீடர்மையர், தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் கிர்ஷ்மையர். புதிதாக வந்தவர் வட ஜெர்மன் பேச்சுவழக்கில் நீமையர். பிரேசிலியா நகரின் கட்டடங்களை வடிவமைத்த ஆஸ்கார் நீமையரின் பெயர் அட்லாண்டிக்கைக் கடந்து போன அந்தப் புது மையர்தான். ஜெர்மன் முன்னோர் வழியாக அவருக்கு வந்தது.

ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள வெஸ்ட்ஃபாலியாவில் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே பெயர் மனிதனுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். ஷ்ரோடர் குடும்பத்தில் பிறந்த ஒருவர், மையர் பண்ணையின் ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடிபோனால், அன்றிலிருந்து அவர் மையர். பிள்ளைகளும் மையர்கள்தான். அவருடைய தம்பி வேறொரு பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனால் அந்தப் பண்ணைப் பெயர் அவருக்கு. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் இருக்கலாம். அதேபோல், ஒரே பண்ணையில் முந்நூறு ஆண்டு மையர் என்ற பெயர் விட்டுப்போகாமல் வந்திருக்கும். ஆனால் நடுவில் ஆண்வழி பலமுறை அறுந்திருக்கும். தேவாலயப் பதிவேடுகளில் இவர்களை 'ஷ்ரோடர் கெனான்ட் மையர்' என்று எழுதினார்கள். மையர் எனப்படும் ஷ்ரோடர் என்று பொருள். அந்தப் பக்கத்தில் 'மையர் ட்ஸு' என்று தொடங்கிப் பண்ணைப் பெயரோடு முடியும் நீளமான பெயர்களைப் பார்த்துப் பிரபு குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் விவசாயிகள்.

அப்போது வெஸ்ட்ஃபாலியாவை ஆண்ட பிரஷ்ய அரசுக்கு இந்த வழக்கம் தலைவலியாக இருந்தது. படைக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் பெயர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 1822-இல் அனுமதியில்லாமல் குடும்பப் பெயரை மாற்றக் கூடாது என்று அரசாணை வந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர்கள் அதற்குப் பிறகும் ஊருக்குள் பண்ணைப் பெயரால்தான் அழைக்கப்பட்டார்கள். பத்திரத்தில் மட்டும் பிறந்த பெயர்.

எழுத்துக்கூட்டு விஷயத்துக்கு வருவோம். ஜெர்மன் மொழிக்குப் பொதுவான எழுத்துமுறை 1901-இல் நடந்த மாநாட்டில்தான் முடிவானது; அதுவும் சொற்களுக்கு மட்டும், பெயர்களுக்கு அல்ல. அதற்கு முன்பு பாதிரியார் எப்படிக் கேட்டாரோ, எப்படி எழுதப் பழகியிருந்தாரோ அப்படி எழுதினார். ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரியும் கல்யாணத்தில் வேறு மாதிரியும் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அன்றைக்கு எந்த எழுத்தில் பதிவானதோ அது உறைந்துபோனது.

ஆனாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்ததால், எழுத்தைப் பார்த்து ஊரை ஓரளவு ஊகிக்கலாம். வடக்கில் ஈ-ஒய் அதிகம், ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்தில் ஈ-ஐ. தனிம அட்டவணையை மெண்டலீவ் காலத்திலேயே தனியாக வகுத்த லோதர் மையர் வடக்கே ஃபாரெல் என்ற ஊரில் பிறந்தவர்; ஈ-ஒய். தென்மேற்கில் ஸ்வாபியாப் பக்கம் ஏ-ஐயும் ஏ-ஒய்யும். ஆற்றல் அழியாது என்ற கருத்தை 1842-இல் எழுதிய மருத்துவர் ராபர்ட் மையர் ஹைல்ப்ரோன்காரர், ஏ-ஒய். நிலாவின் போக்கைக் கணித்து அட்டவணை போட்ட டோபியாஸ் மையர் மார்பாக்கில் பிறந்தவர், அவரும் ஏ-ஒய். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க அந்த அட்டவணை உதவியதால், அவர் இறந்த பிறகு 1765-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவருடைய மனைவிக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. பவேரியாவின் தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் ஈ இல்லாத எம்-ஏ-ஒய்-ஆர் சகஜம். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் கெம்ப்டனில் பிறந்தவர், அப்படித்தான் எழுதினார். 1974 உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மன் அணியின் கோல்கீப்பர் செப் மையர் பவேரியர், ஏ-ஐ. நால்வர் விஞ்ஞானிகள், ஒருவர் விளையாட்டு வீரர். உறவு எதுவும் வேண்டாம், ஒரு பழைய பதவியே போதும் இவர்களுக்கு ஒரே பெயர் வர.

இவ்வளவு பரவிய பெயர், 'சாதாரண ஆள்' என்பதற்கே மாற்றுச் சொல்லானது. புத்திசாலித்தனம் காட்டிக்கொள்பவரை 'ஷ்லவ்மையர்' என்பார்கள். 1850-களில் மியூனிக்கிலிருந்து வந்த ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்காக இரண்டு நண்பர்கள், ஒருவர் மருத்துவர், மற்றவர் சட்டம் படித்தவர், அரசியல் பக்கமே தலைவைக்காத ஒரு வெகுளி வாத்தியாரைக் கற்பனை செய்து அவருக்கு பீடர்மையர் என்று பெயர் வைத்தார்கள். 'பீடர்' என்றால் நல்ல மனசு, நேர்மை. கடைசியில் 1815 முதல் 1848 வரையான காலத்தின் மேசை நாற்காலிக்கும் ஓவியத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இந்தப் பெயருக்கு இன்னொரு வேர் இருக்கிறது. லத்தீனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எபிரேய மொழியில் 'மெயிர்' என்றால் ஒளி தருபவர். 2-ஆம் நூற்றாண்டு யூத மதகுரு ரபி மெயிர் முதல் யூதர்கள் பிள்ளைகளுக்கு வைத்துவரும் பெயர் இது. நடு ஐரோப்பிய யூதர்கள் கொண்டாடிய சட்ட அறிஞர் ரோதன்புர்க் மெயிர், மன்னர் ருடால்ஃப் அடைத்துவைத்த சிறையிலேயே 1293-இல் இறந்தார். உடலைக்கூட விடவில்லை, 1307-இல் ஃபிராங்ஃபர்ட் யூதர் ஒருவர் பணம் கட்டி மீட்டு வோர்ம்ஸில் அடக்கம் செய்தார். அந்தக் கல்லறைக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. ஜெர்மன் எழுத்தர்கள் மெயிர் என்று கேட்டால் தங்களுக்குத் தெரிந்த மையர் என்றே எழுதினார்கள். ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிய மையர் அம்ஷெலுக்கு மையர் என்பது சூட்டப்பட்ட பெயர். 1787-இல் ஆஸ்திரியாவும் 1812-இல் பிரஷ்யாவும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டபோது, அப்பா பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டவர்கள் பலர். அப்படி யூத மையர்களும் கிறிஸ்தவ மையர்களும் ஒரே தெருவில் ஒரே பெயர்ப் பலகையோடு வாழ்ந்தார்கள்.

பெயரில் ரத்தத்தைத் தேடிய ஆட்சிக்கு இது பொறுக்கவில்லை. மையர் என்ற பெயரை வைத்து யார் யூதர் என்று நாஜிகளால் சொல்ல முடியாது. 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை போட்டார்கள். அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாதவர்கள், 1939 ஜனவரி 1 முதல் ஆண் என்றால் 'இஸ்ரேல்', பெண் என்றால் 'சாரா' என்று கூடுதல் பெயர் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். அதைப் பதிவு அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிறப்புப் பதிவேடுகளின் ஓரத்தில் அந்தப் பெயர்கள் குறிக்கப்பட்டன. ஒரு மனிதரின் பெயரை அவருக்கு எதிரான அடையாளக் குறியாக மாற்றிய ஆணை அது. போர் முடிந்த 1945-இல் நேச நாடுகள் அதை ரத்து செய்தன.

கீவ் நகரில் பிறந்து கணவர் வழியில் மையர்சன் என்ற பெயர் பெற்ற கோல்டா, 1956-இல் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சரானபோது பெயரை எபிரேயமாக்கி மெயிர் என்று வைத்துக்கொண்டார். மையர் என்று நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வந்த பெயர் பழைய எபிரேய உருவத்துக்கே திரும்பிய தருணம் அது.

இன்றைய ஜெர்மனியில் குடும்பப் பெயரை மாற்றத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். பெயர் மிகப் பரவலாக இருந்து ஆள் மாறாட்டக் குழப்பம் வருகிறது என்பதை அதிகாரிகள் காரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர் வந்துவிட்டால், அவைக் குறிப்பில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊரைச் சேர்ப்பார்கள். மேட்டுப் பண்ணை, பள்ளத்துப் பண்ணை என்று ஊர்க்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

அமெரிக்காவிலும் பிரேசிலிலும் இருந்து தங்கள் மையர் முன்னோரைத் தேடி வருகிறவர்கள், பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறிவிடுவார்கள். ஒரே திருச்சபைப் பதிவேட்டில் ஒரே ஆண்டில் உறவே இல்லாத பல ஹைன்ரிஷ் மையர்கள் இருப்பார்கள். முப்பதாண்டுப் போரில், 1618-க்கும் 1648-க்கும் இடையில், எரிந்தும் தொலைந்தும் போன பதிவேடுகள் ஏராளம். அனுபவமுள்ள வம்சாவளி ஆய்வாளர்கள் முதலில் ஊரையும் பண்ணையையும் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பிறகு அந்தப் பண்ணை எந்த மடத்துக்கு, எந்தப் பிரபுவுக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று பார்த்து அங்குள்ள குத்தகைக் கணக்குகளைத் தேடுவார்கள். அந்த ஆண்டில் பண்ணையை வைத்திருந்த மையர் யார் என்பதைக் கணக்குச் சொல்லும். அவர் முந்தைய மையரின் மகனா, மருமகனா, குத்தகை கட்ட முடியாமல் வெளியேறியவரின் இடத்துக்கு வந்த புதியவரா என்பதை ஞானஸ்நான, திருமணப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.